வேலியோடு நிற்காத கணக்கு

(கெமிக்கல் எஞ்சினியரிங் முடித்து ஆலை வாசலுக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்)



இந்த ஆண்டு படிப்பை முடித்து வெளியே போகிறவர்களில் பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். "சார், ரிஃபைனரியில் வேலை கிடைத்திருக்கிறது. போகலாமா? இன்னும் கொஞ்ச வருஷத்தில் எண்ணெய்க்கே வேலை இருக்காது என்கிறார்களே?" வடசென்னையில் மணலிக்குப் பக்கத்திலுள்ள எர்ணாவூரிலிருந்து வந்து படித்த ஒரு பெண் மட்டும் வேறு மாதிரி கேட்டாள். "மணலியில் வேலைக்குச் சேர்ந்தால் எங்கள் தெருவில் என்னை என்னவென்று நினைப்பார்கள் சார்?" முதல் கேள்விக்கு வகுப்பிலேயே பதில் சொல்லிவிட்டேன். இரண்டாவது கேள்விக்கு அன்று எனக்கு வாய் வரவில்லை. சில வாரங்களாக அது என்னோடு இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

போங்கள் என்றுதான் சொல்வேன். எண்ணெயைப் பெட்ரோலாகவும் டீசலாகவும் எரிக்கும் காலம் சுருங்கத்தான் வேண்டும், சுருங்கும். ஆனால் கச்சா எண்ணெய் எரிபொருளோடு முடிந்துவிடுவதில்லை. மணலி ரிஃபைனரியிலிருந்து கெரசின் பக்கத்து ஆலைக்குப் போகிறது. அதிலிருந்து பிரித்தெடுக்கும் பாரஃபின் பென்சீனோடு சேர்ந்து, நம் வீட்டுத் துணி சோப்புத்தூளுக்கு அடிப்படையான எல்.ஏ.பி. ஆகிறது. புரோப்பிலீன் இன்னொரு வேலியைத் தாண்டிப் போய், மெத்தைக்குள் இருக்கும் ஃபோமுக்கு மூலப்பொருளாகிறது. ஊசி, பெயின்ட், குளுக்கோஸ் ஏற்றும் குழாய், வயலுக்குப் போகும் யூரியா என்று எல்லாவற்றுக்கும் பின்னால் இந்தத் தொழில் நிற்கிறது. சர்வதேச எரிசக்தி முகமை 2018இல் வெளியிட்ட அறிக்கையில், 2030 வரை எண்ணெய்த் தேவை கூடுவதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெட்ரோகெமிக்கலால்தான் வரும் என்று கணித்தது. கார் எல்லாம் மின்சாரத்தில் ஓடினாலும் இந்தத் தொழில் உங்களுக்காகக் காத்திருக்கும். அதை யார் மாற்றுவார்கள் என்பதுதான் கேள்வி. பிளான்டின் உள்ளே நிற்பவர் கை வைக்காமல் ஒரு வால்வும் மாறாது.

இரண்டாம் ஆண்டில் உங்களுக்கு நான் நடத்திய முதல் பாடம் நினைவிருக்கும். மெட்டீரியல் பேலன்ஸ். உள்ளே போனது எதுவும் காணாமல் போகாது. வெளியே வந்திருக்க வேண்டும், அல்லது உள்ளே தங்கியிருக்க வேண்டும். அந்தக் கணக்கைத் தொடங்குமுன் கருவியைச் சுற்றி ஒரு புள்ளிக் கோடு போடச் சொல்வேன். சிஸ்டம் பவுண்டரி. கல்லூரியில் அந்தக் கோட்டை எங்கே போடுவது என்று நானே கேள்வித்தாளில் வரைந்து கொடுத்துவிட்டேன். அது என் பிழை என்று இப்போது நினைக்கிறேன். வேலையில் அந்தக் கோட்டை வேறு யாராவது போட்டுக் கொடுப்பார்கள். நீங்கள் அதற்குள் மிகச் சரியாகக் கணக்குப் போடுவீர்கள். விடையும் சரியாக வரும். எண்ணெய், ரசாயனத் தொழில் பசுமைக்கு மாறுகிறது என்று இன்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி, கோடு எங்கே விழுகிறது என்பதில் அடங்கியிருக்கிறது.

ஒரு சிறு கணக்கு போடுவோம். நவீன ரிஃபைனரி ஒன்றுக்குள் நூறு டன் கச்சா எண்ணெய் போனால், எட்டு ஒன்பது டன் அளவுக்கு ஆலையே எரித்துத் தீர்த்துவிடும். கச்சா எண்ணெயை 350 டிகிரிக்கு மேல் சூடாக்கும் உலை, நீராவி, கசிவு, ஃபிளேரில் எரிந்து போவது எல்லாம் அதில் அடக்கம். இதை ஆலையில் 'ஃபியூயல் அண்ட் லாஸ்' என்பார்கள். மிச்சத்தில் பெரும்பகுதி வெளியே போய் எரிகிறது: லாரியில், விமானத்தில், உங்கள் பைக்கில். ஒரு கிலோ டீசல் எரிந்தால் மூன்று கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு. கார்பனின் எடை பன்னிரண்டு, அந்த வாயுவின் எடை நாற்பத்து நான்கு. நீங்களே போட்டுப் பாருங்கள். இப்போது 'நிகர பூஜ்ஜியம்' அறிவிப்புகளைப் படியுங்கள். இந்தியன் ஆயில் 2046இல் நிகர பூஜ்ஜியம் என்கிறது. அது ஆலைகளை நடத்துவதில் வரும் உமிழ்வுக்கான இலக்கு. அந்த இலக்கு நிறைவேற நீங்கள் உழைக்க வேண்டும், உழைப்பு வீணில்லை. ஆனால் கோடு அந்த ஒன்பது டன்னைச் சுற்றி விழுந்திருக்கிறது. எண்பது டன்னுக்கு மேல் கோட்டுக்கு வெளியே இருக்கிறது. இது இந்திய நிறுவனங்களின் தனிப் பழக்கம் இல்லை, உலகமே இப்படித்தான் வரைகிறது. வெளியே இருப்பதையும் கொஞ்சம் உள்ளே இழுத்த நிறுவனங்களும் உண்டு. பிரிட்டனின் பி.பி. 2020இல், தன் எண்ணெய், எரிவாயு உற்பத்தியைப் பத்தாண்டில் 40 சதவீதம் குறைப்பேன் என்று சொன்னது. 2023இல் அது 25 சதவீதமானது. 2025இல் அதையும் கைவிட்டது. சந்தை மாறியதும் கோட்டை அழித்துவிட்டார்கள்.

நம்மவர்கள் சாதித்த ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் எனக்கு உண்மையான பெருமை உண்டு. 2000ஆம் ஆண்டில் நம் நாட்டு டீசலில் கந்தகம் 2,500 பிபிஎம் வரை இருக்க அனுமதி இருந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 எரிபொருள் விதி வந்தபோது அது 10 பிபிஎம். பி.எஸ்.5 என்ற படியைத் தாண்டியே குதித்தோம். இதைச் செய்தவர்கள் உங்களுக்கு முந்திய மாணவர்கள். ரியாக்டர் ரியாக்டராகக் கட்டி, வினையூக்கியை மாற்றி, இரவு பகலாக ஓட்டிச் சாதித்தார்கள்.

அந்தக் கந்தகத்தை எப்படி எடுத்தார்கள்? ஹைட்ரஜனால். ஹைட்ரஜன் எங்கிருந்து வந்தது? இயற்கை எரிவாயுவையோ நாஃப்தாவையோ நீராவியோடு உடைத்து. இயற்கை எரிவாயுவுக்கான பாடப் புத்தகச் சமன்பாட்டின்படி ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஐந்தரை கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். அந்த உலையைச் சூடாக்க எரிப்பதையும் சேர்த்தால் ஒன்பது, பத்து கிலோ. நகரத்துக் காற்றில் கந்தகம் குறைந்தது. ஆலைப் புகைபோக்கியில் கார்பன் கூடியது. ஒரு குழந்தையின் நுரையீரலைக் காப்பாற்ற இந்த விலை கொடுக்கலாம் என்று நான் சொல்வேன். விலை கொடுத்தோம் என்பதை எழுதி வைக்க வேண்டும் என்றும் சொல்வேன்.

இனி அந்த ஹைட்ரஜனைப் பசுமையாக்கப் போகிறோம். 2023 ஜனவரியில் ஒன்றிய அரசு தேசிய பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு 19,744 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2030இல் ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்பது குறி. ரிஃபைனரியும் உர ஆலையும்தான் முதல் வாடிக்கையாளர்கள். உங்களில் சிலர் எலக்ட்ரோலைசர் பக்கம் நிற்கப் போகிறீர்கள். அங்கேயும் பேனாவை எடுங்கள். தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க ஐம்பது யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். நம் நாட்டு மின்தொகுப்பில் நிலக்கரியின் பங்கு பெரியது. ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அந்த மின்சாரத்தை அப்படியே எடுத்தால் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு முப்பத்தைந்து கிலோ. பழைய முறையைவிட மூன்று மடங்குக்கும் மேல். எலக்ட்ரோலைசர் இருக்கும் கட்டடத்தைச் சுற்றிக் கோடு போட்டால் வெளியேறுவது ஆக்சிஜன் மட்டுமே, படம் எடுத்துப் பத்திரிகையில் போடலாம். கோட்டை வடசென்னை, நெய்வேலி அனல்மின் நிலையங்கள் வரை நீட்டினால்தான் உண்மை தெரியும். முப்பந்தலில் காற்றாலை சுழல்வது முக்கியமாக வைகாசியிலிருந்து புரட்டாசி வரை. சூரியன் ஆறு மணிக்கு இறங்கிவிடும். இருபத்து நான்கு மணி நேரமும் ஓடும் ஹைட்ரஜன் யூனிட்டுக்கு இரவு இரண்டு மணிக்கு எந்த மின்சாரம் வருகிறது? கேட்க வேண்டியவர் அந்த ஷிஃப்டில் இருக்கும் நீங்கள்.

இவை எல்லாம் கார்பன் கணக்கு. எர்ணாவூர்ப் பெண் என்னிடம் கேட்டது கார்பனைப் பற்றி இல்லை.

மெட்ராஸ் ரிஃபைனரீஸ் 1969இல் ஆண்டுக்கு 25 லட்சம் டன் என்ற அளவில் ஓடத் தொடங்கியது. இன்று சி.பி.சி.எல். என்ற பெயரில் அதன் அளவு 105 லட்சம் டன். அதைச் சுற்றி உர ஆலை, பெட்ரோகெமிக்கல் ஆலைகள், அப்புறம் அனல்மின் நிலையங்கள், துறைமுகங்கள். ஊர்கள் அதற்கு முன்பே இருந்தன. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழில் பகுதிகளை அளந்து, மிக மோசமாக மாசுபட்டவை என்று 43 இடங்களைப் பட்டியலிட்டபோது அதில் மணலி இருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வெள்ளம் வந்தபோது, எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்துக்குள் போனது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ரிஃபைனரியின் பக்கம் கை காட்டியது. தன் குழாயில் கசிவு இல்லை என்றது ஆலை. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அதற்குள் கழிமுகத்தை ஒட்டிய காட்டுக்குப்பத்தில் வலை கறுத்துவிட்டது, படகு கறுத்துவிட்டது, கூழைக்கடாக்களின் இறகு கறுத்துவிட்டது. எண்ணெயை அள்ளியவர்கள் மீனவர்கள், தங்கள் படகில், முதல் சில நாட்கள் சரியான கையுறைகூட இல்லாமல். அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பம் அருகே கடலுக்கடியில் எண்ணூரின் வேறோர் உர ஆலைக்குப் போகும் குழாயில் அம்மோனியா கசிந்து, மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். ஒரே மாதம், ஒரே ஊர்.

எண்ணெயைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. இத்தனை ஆண்டு வகுப்பில் சொல்லாதது.

இருபத்தாறு வயதில் மேற்குக் கரையில் ஓர் ஆலையில் நான் ஷிஃப்ட் எஞ்சினியர். ஜூலை மழை மூன்று நாளாக நிற்கவில்லை. கழிவுநீரிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் ஏ.பி.ஐ. செப்பரேட்டர் விளிம்பு வரை நிறைந்து நின்றது. இன்னும் இரண்டு விரல் ஏறினால் பம்ப் ஹவுஸுக்குள் தண்ணீர் வந்துவிடும். இரவு ஒன்றரை மணிக்கு மேலிருந்து போன் வந்தது: மழைநீர் மதகைத் திறந்துவிடு. நான் ஆபரேட்டரைப் பார்த்தேன். என்னைவிட இருபது வயது மூத்தவர். அவரும் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு போய்த் திறந்தார். லாக் புக்கில் 'மழைநீர் வெளியேற்றப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது பொய்யில்லை, மழைநீர் போகத்தான் செய்தது. அதன் மேல் மிதந்து போனதை எழுதவில்லை. காலையில் வீடு திரும்பும் பஸ் ஓடைப் பாலத்தைக் கடந்தபோது தண்ணீர் முழுக்க வானவில் நிறம். பஸ்ஸில் இருபது பேர் இருந்தோம். ஒருவரும் பேசவில்லை.

அந்த மாதம் எங்கள் ஆலையின் கணக்கில் எண்ணெய் இழப்பு வழக்கமான அளவுக்குள்தான் இருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களின் கணக்கு எங்களிடம் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. பதினைந்து இருபது ஆண்டு கழித்து ஆசிரியனாகி மெட்டீரியல் பேலன்ஸ் நடத்தியபோது ஒவ்வோர் ஆண்டும் அந்த மதகு நினைவுக்கு வரும். உங்களிடம் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

வேலிக்கு வெளியே இருப்பதைக் கணக்கில் சேர்த்தால் தொழில் நடத்த முடியாது என்று உங்களிடம் சொல்வார்கள். மணலியே அதற்கு மறுப்பு. சென்னைக்கே குடிக்கத் தண்ணீர் இல்லாத நிலை மறுபடி மறுபடி வந்தபோது, நகரத்தின் சாக்கடை நீரை வாங்கிச் சுத்திகரித்துப் பயன்படுத்த ரிஃபைனரியும் உர ஆலையும் 1990களிலேயே கற்றுக்கொண்டன.  2019இல் கொடுங்கையூரில் நாளொன்றுக்கு நான்கரைக் கோடி லிட்டர் கழிவுநீரை எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் தூய்மையாக்கும் நிலையம் வந்தது. அந்த நீர் மணலி, எண்ணூர் ஆலைகளுக்குப் போகிறது. ஊரின் தண்ணீர் ஊருக்கு, ஊரின் சாக்கடை ஆலைக்கு. தண்ணீர் விஷயத்தில் கோடு வேலியைத் தாண்டி நகரம் முழுக்க நீண்டது, ஏனென்றால் தண்ணீர் இல்லாவிட்டால் ஆலை நின்றுவிடும். கழிமுகம் செத்தால் ஆலை நிற்காது. வித்தியாசம் அவ்வளவுதான். தொழில்நுட்பத்தில் ஒரு குறையும் இல்லை.

ரசாயன ஆலைகளுக்குப் போகிறவர்களுக்கு இன்னோர் உதாரணம். காய்ச்சலுக்கும் வலிக்கும் நாம் விழுங்கும் ஐபுப்ரோஃபென் பழைய வழியில் ஆறு படிகளில் தயாரானது. உள்ளே போன அணுக்களில் நாற்பது சதவீதம்தான் மருந்தில் சேர்ந்தது, மிச்சம் கழிவு. 1990களின் தொடக்கத்தில் அதே மருந்தை மூன்றே படிகளில், எழுபத்தேழு சதவீத அணுக்கள் மருந்தில் சேரும்படி செய்யும் வழி தொழிற்சாலைக்கு வந்தது. கழிவைச் சுத்திகரிக்கப் பெரிய தொட்டி கட்டுவதை விட்டுவிட்டு, கழிவே பிறக்காத வினையைத் தேடினார்கள். பால் அனாஸ்டஸும் ஜான் வார்னரும் 1998இல் பசுமை வேதியியலுக்குப் பன்னிரண்டு கொள்கைகள் எழுதியபோது முதல் கொள்கையாக வைத்தது இதைத்தான். இதைவிட அழகான வேலை நம் துறையில் எனக்குத் தெரியாது.

கோட்டுக்கு வெளியே நிற்கும் மனிதர்களும் இருக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத்தில் 1924இல் தொடங்கிய ரிஃபைனரி 2025 ஏப்ரலில் கச்சா எண்ணெய் சுத்திகரிப்பை நிறுத்தியது. நானூறு பேருக்கு மேல் வேலை இழந்தார்கள். அந்த இடம் வெளியிலிருந்து எரிபொருள் இறக்குமதி செய்யும் முனையமாகிவிட்டது. அந்த ஊர் எரிக்கும் பெட்ரோல் குறைந்ததா என்றால் இல்லை. வேறெங்கோ சுத்திகரித்து வருகிறது. பசுமை மாற்றம் என்ற பேச்சு அத்தனை ஆண்டு நடந்த நாட்டில், சங்கம் வைத்து, பெயர் பதிந்து வேலை பார்த்தவர்களுக்கே மாற்று வேலை தயாராக இல்லை. நம் ஆலைகளில் ஷட்டவுன் நாட்களில் டேங்குக்குள் இறங்கி அடியில் படிந்த சேற்றை வாருகிறவர், இருபது ஆண்டு வந்தாலும் கான்ட்ராக்டரின் நோட்டில்தான் இருப்பார். ஆலையின் ஆட்கள் பட்டியலில் இல்லாதவருக்கு மாற்றுத் திட்டத்தில் எப்படி இடம் வரும்? எலக்ட்ரோலைசரை ஓட்டவும் குழாயைச் சோதித்துப் பார்க்கவும் முதலில் பயிற்சி கொடுக்க வேண்டியவர்கள் அவர்களும், கழிமுகத்தில் மீன் இழந்த வீடுகளின் பிள்ளைகளும். பழைய தொழிலின் நாற்றத்தை ஐம்பது ஆண்டு சுவாசித்தவர்களுக்குப் புதிய தொழிலின் சம்பளத்தில் முதல் உரிமை உண்டு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சேர்ந்த முதல் வாரம் உங்களை கன்ட்ரோல் ரூமுக்குக் கூட்டிப் போவார்கள். பெரிய திரைகள், குளிர்ந்த அறை, நன்றாக இருக்கும். அதற்கு முன் ஃபியூயல் அண்ட் லாஸ் தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அப்புறம் பழைய ஆபரேட்டர் ஒருவரோடு நடந்து, மழைநீர் வாய்க்கால் எங்கே ஆரம்பித்து வேலியைத் தாண்டி எங்கே போய்ச் சேருகிறது என்று பாருங்கள். நீராவி வீணாகும் ட்ராப்பை, பென்சீன் சொட்டும் வால்வைப் பழுதுபார்க்க 2046 வரை காத்திருக்க வேண்டியதில்லை, இந்த வாரமே ஒரு பர்மிட் எழுதினால் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணூர் முகத்துவாரக்குப்பம் போய், யாராவது ஒரு மீனவப் பெரியவரிடம் இறால் எப்போது நின்றது, எப்போது திரும்பியது, எந்தக் காற்றுக்கு எந்த நாற்றம் வரும் என்று கேளுங்கள். உங்கள் ஆலை எங்கும் பதிந்து வைத்திருக்காத தரவு அவரிடம் இருக்கிறது.

எர்ணாவூர்ப் பெண்ணே, உனக்குத் தாமதமாகச் சொல்கிறேன். உன் தெரு உன்னைப் பற்றி என்ன நினைக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் நாற்றம் அடிக்கும் ஓர் இரவில் அவர்கள் உன் கதவைத்தான் தட்டுவார்கள். அப்போது உண்மையைச் சொல்லும்படியான வேலையைப் பகலில் செய். ஒரு மழை இரவில் மதகைத் திறக்கச் சொல்லி உனக்கும் போன் வரும், பிள்ளைகளே, உங்கள் எல்லோருக்கும் வரும். முடிந்தால் மறுத்துவிடுங்கள். மறுக்க முடியாமல் போனால், லாக் புக்கில் மழைநீரோடு எண்ணெய் போனதையும் எழுதுங்கள். எவ்வளவு நேரம் மதகு திறந்திருந்தது என்று எழுதுங்கள். திறக்கச் சொன்னவர் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்